மரம், இசைத்தட்டு, சிப்ஸ் பொட்டலம்: கண்ணுக்கு நிழல் செய்யும் சிறு பட்டறைகள்

கடைவீதியில் கூலிங் கிளாஸ் என்று வழங்கும் குளிர்கண்ணாடி பார்வைக்கு ஒரே பொருளாகத் தோன்றினாலும், தன்மையில் வேறுபட்ட இரண்டு பொருள்களின் சேர்க்கையாகும். கண்ணுக்கு முன்னால் நிற்கும் லென்ஸ் ஒளியியலுக்கும் பாதுகாப்பு விதிகளுக்கும் கட்டுப்பட்டது. எந்த அலைநீளம் வரை தடுக்க வேண்டும், எவ்வளவு ஒளியை உள்ளே விட வேண்டும், எத்தகைய அடியைத் தாங்க வேண்டும் என்பவை அளந்து வரையறுக்கப்பட்டுள்ளன. அந்த லென்ஸைத் தாங்கி மூக்கின் மீதும் காதுகளின் மீதும் அமரும் பிரேமோ, உறுதி, எடை, தோலுக்குத் தீங்கின்மை ஆகிய சில நிபந்தனைகளை நிறைவேற்றிவிட்டால், ஏறத்தாழ எப்பொருளாலும் செய்யப்படலாம். கடந்த 20 ஆண்டுகளில் மரம், பழைய இசைத்தட்டு, கற்பலகை, எருமைக்கொம்பு, மீன்வலை, சிப்ஸ் பொட்டலம் எனப் பலவற்றிலிருந்து குளிர்கண்ணாடி செய்யும் சிறு பட்டறைகள் வெவ்வேறு நாடுகளில் தோன்றியதற்கு இந்தச் சுதந்திரமே காரணம். இச்சுதந்திரம் பிரேமுக்கு உரியது, லென்ஸுக்கு உரியதன்று என்பதை மறந்து தொடங்கப்படும் பட்டறை எவ்வளவு அழகிய பொருளைச் செய்தாலும் அதை அணிபவருக்கு ஊறு விளைவிக்கக்கூடும் என்பதால், இத்தொழிலைப் பற்றிய எந்த ஆய்வும் இவ்வேறுபாட்டிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

வெயிலிலிருந்து கண்ணைக் காக்கும் கருவிகளுள் மிகப் பழமையான ஒன்றில் லென்ஸே கிடையாது. வடதுருவப் பகுதியில் வாழும் இன்யூட், யூப்பிக் மக்கள், கடலில் மிதந்து கரையொதுங்கிய மரம், வால்ரஸ் தந்தம், கரிபு மானின் கொம்பு ஆகியவற்றைக் குடைந்து, நடுவே மெல்லிய கீற்றுப் பிளவு மட்டும் விட்டு, முகத்தோடு ஒட்டி நிற்கும் கண்மறைப்பைச் செய்தனர். பனிப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் புற ஊதாக் கதிர்கள் கருவிழியைச் சுட்டுப் பார்வையைத் தற்காலிகமாகப் பறிக்கும் பனிக்குருடு என்னும் நோயை இந்தக் கீற்று பெருமளவு தடுத்தது. மரம் வளராத நிலத்தில் கடல் கொண்டுவந்து சேர்த்ததும் வேட்டையில் கிடைத்ததுமே அவர்களுக்கு மூலப்பொருளாயின; பொருளின் இயல்பை ஒட்டி வடிவம் அமைந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இன்று வழக்கமானவையாகக் கருதப்படும் பிரேம் பொருள்களும் ஒருகாலத்தில் புதுமைகளாக நுழைந்தவைதாம். அழுங்காமையின் ஓடும் மாட்டுக்கொம்பும் நெடுங்காலம் பிரேமுக்குப் பயன்பட்டன. அவற்றின் தோற்றத்தைப் போலச் செய்வதற்காக 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றும் குறையுடையதாக இருந்ததால், மரக்கூழிலிருந்தும் பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சிலிருந்தும் பெறப்படும் செல்லுலோஸ் அசிட்டேட் அதன் இடத்தைப் பிடித்தது. இத்தாலியின் காஸ்திலியோனே ஒலோனாவில் 1849இல் சீப்பும் பொத்தானும் செய்யத் தொடங்கிய மட்சுகெல்லி குடும்ப நிறுவனம் இன்று உலகெங்கும் கண்ணாடித் தொழிலுக்கு அசிட்டேட் தகடு வழங்குகிறது. பிரான்சின் ஓயொன்னா நகரமும் சீப்புத் தொழிலிலிருந்தே கண்ணாடிக்கு வந்தது. கொம்பைச் சூடாக்கித் தட்டையாக்கவும், அறுக்கவும், மெருகேற்றவும் தெரிந்த கைகள் அருகில் இருந்ததாலேயே கண்ணாடித் தொழில் அவ்வூர்களில் வேர்பிடித்தது. ஜப்பானின் ஃபுகுய் பகுதியில், பனிக்காலத்தில் வயல்வேலை இன்றி இருந்த உழவர்களுக்கு வருவாய் தேடி 1905இல் மசுனாகா கோசாஎமொன் என்பவர் வெளியூர்க் கைவினைஞர்களை வரவழைத்துக் கண்ணாடித் தொழிலைத் தொடங்கினார். அதன் தொடர்ச்சியாக வளர்ந்த சபாஎ நகரம், 1980களில் டைட்டானியம் என்ற, வளைக்கவும் பற்றவைக்கவும் கடினமான உலோகத்தைப் பிரேமாக்கிக் காட்டியது. அதுவரை யாரும் கையாளாத பொருளை எடுத்துக்கொள்ளும் துணிவு, பல தலைமுறைக் கைப்பழக்கத்தின் மேல் நின்றபோதுதான் அங்கே பயன் தந்தது.

தற்கால மரக் கண்ணாடிகளுள் பரவலாக அறியப்பட்ட ஒன்று அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்தது. எரிக் சிங்கர் என்பவர் 2005இல், பசிபிக் கரையோரத்தில் வளரும் செம்பட்டை உரியும் மட்ரோன் மரத்தின் கிளை ஒன்றைக் குடைந்து, அலமாரிக் கதவுக்குரிய கீல்களைப் பொருத்தி, தெருமுனைக் கடையில் விற்கும் மலிவுக் கண்ணாடியின் லென்ஸ்களை எடுத்துச் சேர்த்துத் தம் முதல் குளிர்கண்ணாடியைச் செய்தார். 2009இல் அது ஷ்வுட் என்ற பெயரில் போர்ட்லாந்து நகரத்தில் நிறுவனமாயிற்று. மரத்தைத் தொடர்ந்து கற்பலகையிலும், பேஸ்பால் மட்டைக்குரிய மரத்திலும் அது பிரேம்கள் செய்தது. ஒரு கிளை, இரண்டு கீல்கள், கடையில் கிடைத்த லென்ஸ் என்னும் அந்தத் தொடக்கம் எளிமையானதாகத் தெரிந்தாலும், முதல் கண்ணாடிக்கும் விற்பனைக்கு வந்த கண்ணாடிக்கும் இடையே கழிந்த நான்கு ஆண்டுகள் கவனத்துக்கு உரியவை. தனக்காக ஒன்று செய்வதும், முகம் தெரியாத ஒருவர் பணம் கொடுத்து அணிவதற்காகச் செய்வதும் வெவ்வேறு தொழில்கள். அவ்விரண்டுக்கும் இடையே மரத்தின் இயல்பு நிற்கிறது.

மரம் ஈரத்தைக் குடித்து விரியும், உலர்ந்து சுருங்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் அன்று. இழை ஓடும் நீளவாக்கில் அதன் மாற்றம் பெரும்பாலும் புறக்கணிக்கத்தக்க அளவு சிறியது. இழைக்குக் குறுக்கே பச்சை மரம் முற்றாக உலரும்போது 5 முதல் 10 சதவீதம் வரை சுருங்கும் இனங்கள் உண்டு. வலிமையும் அவ்வாறே திசைக்குத் திசை மாறுவதால், ஒற்றைப் பலகையிலிருந்து அறுக்கப்பட்ட கண்ணாடி முகப்பில், இழை குறுக்காக ஓடும் இடங்களில், குறிப்பாக லென்ஸ் வளையத்தின் இரு பக்கங்களிலும், சிறு அழுத்தத்துக்கே பிளவு விழும். இதற்குத் தீர்வாக, வினீர் எனப்படும் மெல்லிய மரத்தோல்களை ஒன்றன்மேல் ஒன்றாக, அடுத்தடுத்த அடுக்குகளின் இழை குறுக்கும் நெடுக்குமாக அமையும்படி, ஒற்றைப்படை எண்ணிக்கையில் எபாக்சி பசையால் ஒட்டி அழுத்துகிறார்கள். ஒட்டுப்பலகையின் தத்துவமே இது. வினீர்களைத் தட்டையாக அழுத்தாமல் வளைந்த அச்சின்மேல் வைத்து அழுத்தினால், முகத்தை ஒட்டிய வளைவும் அப்போதே கிடைத்துவிடுகிறது. லென்ஸின் வளைவைக் கண்ணாடித் தொழிலில் பேஸ் என்ற எண்ணால் குறிப்பர். குளிர்கண்ணாடிகளில் பரவலாக உள்ள 6 பேஸ் என்பது ஏறத்தாழ 88 மில்லிமீட்டர் ஆரமுள்ள கோளத்தின் ஒரு துண்டுக்குச் சமம். பிரேமின் அச்சும் லென்ஸும் ஒரே பேஸில் அமையாவிட்டால், லென்ஸ் வளையத்திலிருந்து நாளடைவில் தெறித்துவிடும் அல்லது வளையத்தைப் பிளந்துவிடும்.

அசிட்டேட் பிரேமைச் சற்றுச் சூடாக்கினால் அது நெகிழ்ந்து லென்ஸை உள்வாங்கிக்கொள்ளும். மரம் அவ்வாறு இடங்கொடாது. ஆகவே மரப்பட்டறையில் வளையத்தின் ஓரத்தில் நுண்ணிய வெட்டு ஒன்று விட்டு, லென்ஸை வைத்தபின் அதைத் திருகால் இறுக்கும் முறையோ, லென்ஸின் விளிம்பை மிகத் துல்லியமாகச் சாய்த்து வளையத்தின் உட்காடியில் மெல்ல அழுத்திப் பொருத்தும் முறையோ கையாளப்படுகிறது. காதுப் பகுதியில் இன்னொரு சிக்கல் எழுகிறது. சாதாரணப் பிளாஸ்டிக் கண்ணாடி தளர்வாக இருந்தால், கண்ணாடிக் கடைக்காரர் டெம்பிள் எனப்படும் பக்கத்தண்டின் நுனியைச் சூடுகாட்டி, அணிபவரின் காதுக்கு ஏற்ப வளைத்துத் தருவார். மரத்தண்டை அவ்வாறு வளைக்க இயலாது. நுனியை மட்டும் அசிட்டேட்டால் அமைப்பதோ, வெளிப்புறமும் விரியும் ஸ்பிரிங் கீல் வைப்பதோ இதற்குக் கண்டறியப்பட்ட வழிகள். முழுக்க முழுக்க மரம் என்று பெருமைப்படுவதைவிட, காதுக்குப் பின்னால் 3 சென்டிமீட்டர் அசிட்டேட் வைத்து ஒழுங்காகப் பொருந்தச் செய்வதே நேர்மையான கைவினை என்று கருதலாம். ஏனெனில் மூக்கிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும் கண்ணாடி, எத்தனை அழகாக இருந்தாலும், விரைவில் மேசை இழுப்பறைக்குள் போய்விடும்.

கீல் என்பது இத்தொழிலில் மிகக் குறைவாகப் பேசப்பட்டு மிக அதிகமாகப் பழுதாகும் உறுப்பு. அசிட்டேட்டில் கீலைச் சூடாக்கி உள்ளே அமிழ்த்தலாம். மரத்தில் அதைத் திருகாலோ ஆணியாலோ பசையாலோதான் பிடித்து நிறுத்த வேண்டும். 4 மில்லிமீட்டரையொட்டிய தடிமனுள்ள முகப்பில், நாள்தோறும் திறந்து மூடும் கீலின் இழுவையைத் தாங்க மரத்தின் நடு அடுக்கில் மெல்லிய உலோகத் தகடு ஒன்றைச் செருகும் பட்டறைகளும் உண்டு. ஆஸ்திரியாவின் டிரோல் மலைப்பகுதியில் 2009இல் தொடங்கிய ரோல்ஃப் பட்டறை இச்சிக்கலை வேறு திசையில் அணுகி, திருகே இல்லாத கீலை உருவாக்கிக்கொண்டது. மரம், கொம்பு, கல் ஆகியவற்றில் தொடங்கிய அப்பட்டறை பின்னர் ஆமணக்கு விதையிலிருந்து பெறப்படும் பாலியமைடு தூளைக் கொண்டு முப்பரிமாண அச்சு முறையிலும் பிரேம்கள் செய்கிறது. உலகின் ஆமணக்கில் மிகப் பெரும்பங்கு குஜராத்தை மையமாகக் கொண்டு இந்தியாவிலேயே விளைகிறது என்பதை இங்கே நினைவுகூர்வது தகும்.

மரத்தைத் தேர்ந்தெடுப்பது அழகுணர்ச்சியோடு முடிந்துவிடுவதில்லை. ஷ்வுட் பட்டறையின் மாதிரிகளில் இடம்பெற்ற கிழக்கிந்திய ரோஸ்வுட், மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரமேயாகும். தமிழ்நாட்டில் தோதகத்தி என்றும் அழைக்கப்படும் இம்மரத்தை வெட்டுவதைக் கட்டுப்படுத்த மாநில அரசு 1994இல் தனிச் சட்டம் இயற்றியது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை, 2017 ஜனவரி முதல் ஈட்டியின் பேரினமான டால்பெர்ஜியாவை ஏறத்தாழ முழுவதுமாகத் தன் இரண்டாம் பட்டியலின் கீழ்க் கொண்டுவந்தது. 2019இல் செய்யப்பட்ட திருத்தம், முடிவுற்ற பொருள்களாக இருப்பின் ஒரு சரக்கில் 10 கிலோ வரை அம்மர எடைக்கு விலக்கு அளித்தது. குளிர்கண்ணாடி எடை குறைந்த பொருள் ஆதலால் இவ்விலக்கு சிறு பட்டறைக்கு உதவும். எனினும் மரம் எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆவணம் இல்லாத பலகையை வாங்கும் தச்சர், தம் தொழிலோடு காட்டையும் பணயம் வைக்கிறார். உடல்நலமும் கவனிக்கப்பட வேண்டும். மரத்தூசி புற்றுநோய்க் காரணி என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. ஈட்டி போன்ற டால்பெர்ஜியா மரங்களில் உள்ள வேதிப்பொருள்கள் சிலருக்குத் தோல் ஒவ்வாமையையும் உண்டாக்கும். கண்ணாடி நாள் முழுவதும் வியர்வையோடு தோலில் உரசுவது என்பதால், மேற்பூச்சு அழகுக்காக மட்டுமன்று, மரத்துக்கும் தோலுக்கும் இடையே தடுப்பாகவும் வேண்டப்படுகிறது. உப்புத்தாள் தேய்க்கும் இடத்தில் தூசி உறிஞ்சி அமைப்பதற்கு முன் வேறு எந்த இயந்திரமும் வாங்கப்படலாகாது.

புடாபெஸ்ட் நகரில் டிப்டன் சகோதரர்கள் நடத்தும் வினைலைஸ் பட்டறை, கேட்க ஆளின்றிப் போன இசைத்தட்டுகளைப் பிரேமாக்குகிறது. இசைத்தட்டு பாலிவினைல் குளோரைடு என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. அதன் தடிமன் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்தான் என்பதோடு, தனியே பிரேமாக்கினால் நொறுங்கும் இயல்பும் அதற்கு உண்டு. எனவே அதை அசிட்டேட் அடுக்கோடு ஒட்டி, இசைவரிகள் வெளிப்புறம் தெரியும்படி செதுக்குகிறார்கள். உறுதியை அசிட்டேட்டும் தோற்றத்தை இசைத்தட்டும் தருகின்றன. இப்பொருளைக் கையாள்வோர் அறிய வேண்டிய இரண்டு செய்திகள் உண்டு. முதலாவது, அறுபது எழுபது டிகிரி வெப்பத்திலேயே இசைத்தட்டு நெளியத் தொடங்கும் என்பதால், கோடை வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகையில் வைக்கப்படும் கண்ணாடிக்கு அசிட்டேட்டின் தாங்கல் இன்றியமையாதது. இரண்டாவது, இதை லேசர் கருவியால் வெட்டவே கூடாது. அவ்வாறு வெட்டினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிப்பட்டு, வேலை செய்பவரின் நுரையீரலையும் கருவியின் உலோகப் பகுதிகளையும் அரித்துவிடும். லேசர் வெட்டும் கருவி மலிவாகக் கிடைக்கும் இக்காலத்தில் இரண்டாவது செய்தி உயிர்காக்கும் அறிவாகும்.

எருமைக்கொம்பு கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. சூட்டில் வளையும், மெருகேறும், தோலுக்கு இதமானது. மிகையாக உலர்ந்தால் அடுக்குப் பிரியும் என்பதால் அவ்வப்போது எண்ணெய் தடவிப் பேண வேண்டும் என்பதே அதன் குறை.

கழிவிலிருந்து செய்யப்படும் கண்ணாடிகள் வேறொரு கேள்வியை எழுப்புகின்றன. சிப்ஸ் பொட்டலம் பார்வைக்கு ஒரே தாளாக இருப்பினும், பல பிளாஸ்டிக் படலங்களும் அவற்றின்மேல் படிந்த மிக நுண்ணிய அலுமினியமும் சேர்ந்த பல்லடுக்குப் பொருள்; அடுக்குகளைப் பிரிப்பது கடினமாதலால் மறுசுழற்சியாளர்கள் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை, குப்பை பொறுக்கும் தொழிலாளர்களுக்கும் அதனால் வருவாய் கிடைப்பதில்லை. புனே நகரில் அனிஷ் மல்பானி தொடங்கிய ஆஷயா நிறுவனம், இப்பொட்டலங்களிலிருந்து பொருளைப் பிரித்தெடுக்கும் முறையை உருவாக்கி, 2023 பிப்ரவரியில் விதவுட் என்ற பெயரில் குளிர்கண்ணாடியை வெளியிட்டது. ஒரு கண்ணாடிக்கு ஐந்து பொட்டலங்கள் என்பது அதன் கணக்கு; பிரேமில் உள்ள குறியீட்டைக் கைப்பேசியால் படித்தால் அக்கழிவு கடந்துவந்த வழியை அறியலாம். குப்பை பொறுக்குவோரின் வருவாயை உயர்த்துவதே நோக்கம் என்று அந்நிறுவனம் வெளிப்படையாகக் கூறுகிறது. ஐந்து பொட்டலங்களால் நாட்டின் குப்பை குறைந்துவிடாது என்று கூறி இம்முயற்சியைத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் விலையே இல்லாதிருந்த பொருளுக்கு விலை உண்டாக்கியதும், அந்த விலையில் முதல் கையாகிய பொறுக்குபவருக்குப் பங்கு கேட்டதும் இத்துறையில் மதிக்கத்தக்க செயல்கள். மறுபுறம், மூங்கில் என்றும் மறுசுழற்சி என்றும் சீட்டு ஒட்டி, எவ்வளவு மூங்கில், எந்தக் கழிவு என்று எதுவும் கூறாமல் விற்கப்படும் கண்ணாடிகளும் சந்தையில் உள்ளன. பொருளின் கதையை விலையாக்கும் பட்டறைக்கு அக்கதையை மெய்ப்பிக்கும் கடமையும் உண்டு.

லென்ஸைப் பொறுத்தவரை சுதந்திரத்துக்கு இடமில்லை. கருமையான லென்ஸ் கண்ணுக்குக் குளிர்ச்சி தரும். அதனாலேயே கருவிழியின் நடுவிலுள்ள பாப்பா விரிந்துகொள்ளும். அந்த லென்ஸ் புற ஊதாக் கதிரைத் தடுக்காததாக இருந்தால், விரிந்த பாப்பாவின் வழியே அக்கதிர் உள்ளே புகுவதற்கு வழி அகலமாகிவிடுகிறது. கண்புரைக்கும், வெண்விழியிலிருந்து கருவிழி நோக்கிச் சதை வளரும் நோய்க்கும் புற ஊதாக் கதிர் ஒரு காரணம் என்பதால், வெயிலில் உழைக்கும் உழவரும் மீனவரும் நிறைந்த நாடுகளில் இது அற்பச் செய்தியன்று. 400 நானோமீட்டர் அலைநீளம் வரையுள்ள கதிர்களைத் தடுப்பதை யுவி 400 என்ற குறி உணர்த்தும். கருமையின் அளவோ வேறொரு கணக்கு: பன்னாட்டுத் தரவிதிகள் லென்ஸ்களை 0 முதல் 4 வரை வகைப்படுத்துகின்றன. வெளிச்சத்தில் 8 முதல் 18 சதவீதம் வரை உள்ளே விடும் 3ஆம் வகை கடுவெயிலுக்குப் பொதுவாக ஏற்றது. 3 முதல் 8 சதவீதம் மட்டும் விடும் 4ஆம் வகை உயர்மலைப் பனிப்பரப்புக்கு உரியது, அதை அணிந்து வண்டி ஓட்டலாகாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் குளிர்கண்ணாடியை மருத்துவச் சாதனமாகவே கருதி, 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டை 127 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து லென்ஸின்மேல் விழச்செய்யும் சோதனையை வேண்டுகிறது. பிளாஸ்டிக் லென்ஸாயின் ஒரு தொகுதியிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்தால் போதும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அது தற்காப்புச் சாதனங்களின் முதல் வகையில் அடங்கும்.

ஆகவே சிறு பட்டறை லென்ஸைத் தானே செய்ய முயலாமல், சான்றிதழோடு விற்கப்படும் பிளேனோ, அதாவது பவர் இல்லாத லென்ஸை வாங்கி, பிரேமின் அளவுக்கு விளிம்பு தீட்டிப் பொருத்துவதே முறை. ஷ்வுட் தன் லென்ஸ்களை ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்திடமிருந்து பெற்றதும் இவ்வழியே. விளிம்பு தீட்டும் எட்ஜிங் இயந்திரம் மூக்குக்கண்ணாடிக் கடைகளின் லேப்களில் இருப்பதால், தொடக்கத்தில் அதைச் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. வாங்கிய லென்ஸையும் யுவி அளவிடும் கருவியில் வைத்துத் தொகுதிக்குத் தொகுதி சோதிப்பது பட்டறையின் பொறுப்பு. பழைய மலிவுக் கண்ணாடியிலிருந்து பிரித்தெடுத்த லென்ஸை விற்பனைப் பொருளில் வைப்பது, எவ்வளவு சிக்கனமாகத் தோன்றினாலும், செய்யத்தகாத செயல்.

பெரிய நிறுவனங்கள் ஆளும் தொழில் இது என்பதில் ஐயமில்லை. எனினும் அவற்றுள் மிகப் பெரியதாக வளர்ந்த லக்சோட்டிகா, 1961இல் இத்தாலியின் அகோர்டோ என்னும் மலையூரில் லெயோனார்டோ டெல் வெக்கியோ தொடங்கிய சிறு பட்டறையே. தொழில் தொடங்க வருவோருக்கு அவ்வூர் நிலம் வழங்கியதால் அங்கே சென்ற அவர், முதலில் பிறருக்காகக் கண்ணாடி உறுப்புகளைச் செய்து கொடுத்து, பின்னரே முழுப் பிரேமுக்கு வந்தார். அரிய பொருள்களில் கைவினை செய்யும் பட்டறைக்கும் அந்த வரிசை பொருந்தும். ரம்பமும் அரமும் உப்புத்தாளும் கொண்டு ஒரே வடிவத்தை மீண்டும் மீண்டும் செய்து, முகங்களில் வைத்துப் பார்த்து, மூக்குப்பாலத்தின் அகலத்தையும் பக்கத்தண்டின் நீளத்தையும் திருத்திய பின்னரே கணினி வழி செதுக்கும் இயந்திரத்துக்குச் செல்வது செலவைக் குறைக்கும். பக்கத்தண்டின் உட்புறத்தில் அச்சிடப்படும் 52, 18, 140 போன்ற எண்கள் முறையே லென்ஸின் அகலம், மூக்குப்பாலம், தண்டின் நீளம் ஆகியவற்றை மில்லிமீட்டரில் குறிப்பவை. அவ்விடத்திலேயே லென்ஸின் வகை எண்ணையும், மரமாயின் அதன் பெயரையும், செய்த தொகுதியின் எண்ணையும் பொறிப்பது நலம். ஒவ்வொரு தொகுதிக்கும் எந்தக் கீல், எந்தத் திருகு, எந்த பேஸ் லென்ஸ் என்பதைப் பதிவேட்டில் குறித்து, அதே கீல்களிலும் திருகுகளிலும் சிலவற்றை எடுத்துவைத்திருக்கும் பட்டறை, சில ஆண்டுகள் கழித்து உடைந்த கண்ணாடியோடு வருபவருக்குப் புதியதை விற்காமல் பழையதையே செப்பனிட்டுத் தர முடியும்.